அண்ணன் ரேடியோவும் என் ரேடியோவும்

என் அண்ணன் பழனி அடிவாரத்தில் கடை வைத்திருக்கிறான். மொட்டை போட வரும் பக்தர்களுக்குத் துண்டு, பை, திருநீற்றுச் சம்புடம் விற்கிற கடை. நான் மலைமேல், வடகவுஞ்சிக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறேன். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் சௌசௌவும் பீன்ஸும் போடுகிறார். வீட்டில் இரண்டு அறைகளை நான் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். எனக்கும் அண்ணனுக்கும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் உண்டு, பொழுதுபோக்காக ஆளுக்கு ஆள் ரேடியோவில் பேசிக்கொள்வதற்கான அனுமதி. இருவரும் ஒன்றாகத்தான் பரீட்சை எழுதினோம். மழை வந்தால் மலையில் போன் டவர் படுத்துவிடும், அதற்காகத்தான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம். உண்மையில் எங்களுக்கு அதில் பைத்தியம்.

பல வருடம் சாயங்காலம் ஆனால் பேசிக்கொள்வோம். சாதாரண எஃப்.எம். முறையில் பேசும் ரேடியோதான். எங்கள் வீட்டுப் பின்சரிவிலிருந்து பார்த்தால் கீழே பழனி தெரியும், நடுவில் மறைப்பு எதுவும் கிடையாது. இரைச்சலோடுதான் கேட்கும், ஆனாலும் அண்ணன் சொல்வது புரியாமல் போனதில்லை.

பிறகு டிஜிட்டல் வந்தது. குரலை எண்களாக மாற்றி அனுப்புவதால் இரைச்சலே இருக்காது என்றார்கள். நான் டி.எம்.ஆர். என்கிற முறையில் வேலை செய்யும் ரேடியோ வாங்கினேன். விலை குறைவு, மதுரைப் பக்கத்து அமெச்சூர்கள் பலரும் அதில்தான் இருந்தார்கள். அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன். அவனும் சரி என்றான். அடுத்த மாதம் அவனும் ஒரு டிஜிட்டல் ரேடியோ வாங்கினான், என்னுடையதைவிட விலை கூடியது. வாங்கிய பிறகுதான் சொன்னான், அது வேறு முறை என்று. இரண்டும் டிஜிட்டல்தான். ஆனால் குரலை எண்ணாக்கி அடுக்கும் விதம் வேறு. ஒன்று அனுப்புவதை மற்றது ஏற்காது.

"எல்லாம் டிஜிட்டல்தான, சேராமலா போகும்னு நெனச்சேன்" என்றான் போனில்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. சரி, இரண்டு ரேடியோவிலும் பழைய எஃப்.எம். முறையும் இருக்கிறதே, அதில் பேசுவோம் என்றேன். கொஞ்ச நாள் பேசினான். பிறகு இரைச்சல் தாங்கவில்லை, இம்புட்டுக் காசு கொடுத்து வாங்கியது கரகரவென்று கேட்கவா என்று சொல்லி நிறுத்திவிட்டான். ஒட்டன்சத்திரத்தில் அவனைப் போலவே அதே ரேடியோ வைத்திருக்கும் ஒரு நண்பர் கிடைத்தார். சாயங்காலம் அவரோடு பேச ஆரம்பித்தான்.

அவர்கள் பேசும் அலைவரிசையில் என் ரேடியோவை வைத்தால் ஒரே சீறல்தான் கேட்டது. என் அண்ணன்தான் அந்தச் சீறலுக்குள் பேசுகிறான் என்று தெரியும், என்ன பேசுகிறான் என்று தெரியாது. போலீஸ், வனத்துறை பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்க எனக்கு ஆசையுமில்லை, அது சட்டப்படி சரியுமில்லை. இது எங்கள் அமெச்சூர் அலைவரிசை. இங்கே ரகசியப் பூட்டுப் போட்டுப் பேச யாருக்கும் அனுமதி கிடையாது, யாரும் கேட்கலாம். அப்படியிருந்தும் எனக்குக் கேட்கவில்லை என்பதுதான் எரிச்சல்.

மதுரையில் இருக்கும் அமெச்சூர் நண்பர் ஒருவர் வழி சொன்னார். பென் டிரைவ் மாதிரி ஒரு சின்ன டாங்கிள், அதை லேப்டாப்பில் செருகினால் லேப்டாப்பே ரேடியோவாகிவிடும். அதோடு இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டால், வருவது எந்த முறை என்று அதுவே கண்டுபிடித்துக் குரலாக்கித் தரும். பேச முடியாது, கேட்கலாம். அரை மணி நேர வேலை என்றார்.

எனக்கு அது ஒரு மழைக்காலம் முழுக்க இழுத்தது. டாங்கிளைச் செருகினால் லேப்டாப் அதை டி.வி. பார்க்கும் சாதனம் என்று நினைத்துக்கொண்டது. அதை மாற்றினால் மென்பொருளுக்குச் சத்தம் போகவில்லை. சத்தம் போனால் அளவு அதிகம் என்றது, குறைத்தால் குறைவு என்றது. எல்லாம் சரியான பிறகு டாங்கிள் சூடேறி அலைவரிசை நகர்ந்துவிட்டது. திரையில் அண்ணனின் பேச்சு மஞ்சள் கோடாகக் கண்முன்னால் ஓடும். காதில் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஏதோ உடைந்து வரும். மதுரை நண்பருக்குப் போன் போட்டுக் கேட்பதற்குள் சிக்னல் போய்விடும்.

வீட்டுக்காரர் ஒருநாள் வயர்களைத் தாண்டிப் போகும்போது கேட்டார். "போன் போட்டா முடியிற சோலிக்கு எதுக்கு இம்புட்டு ஒயரு?"

அவர் கால் படாமல் வயர்களைச் சுவரோரம் ஒதுக்கினேன்.

கடைசியில் கூரை மேல் இருந்த ஆன்டெனாவின் வயரை என் ரேடியோவிலிருந்து கழற்றி டாங்கிளில் மாட்டியபோதுதான் தெளிவாக விழுந்தது. முதன்முதலில் முழுதாகக் கேட்ட வாக்கியம் இது: "மலைமேல இருக்கற எந்தங்கச்சி, மலிவாக் கெடைக்குதுன்னு எதையோ வாங்கி வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறா." ஒட்டன்சத்திரத்துக்காரர் சிரித்தார். ஒரு மழைக்காலத்து உழைப்புக்குக் கிடைத்தது அந்தச் சிரிப்புதான். பதிலுக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. மறுநாள் போனில், நான் இனி உன் பேச்சைக் கேட்க முடியும், பார்த்துப் பேசு என்று மட்டும் சொன்னேன். அவன் நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

போன ஐப்பசியில் ஒருநாள் வீட்டுக்காரர் வெள்ளனே பிக்கப் வண்டியில் காய் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் புறப்பட்டார். அவர் போன கொஞ்ச நேரத்தில் மழை வலுத்தது. கரண்ட் போனது. பின்னாலேயே டவரும் போனது. மத்தியானம் பால் ஊற்றுகிறவர் வந்து, பழனி ரோட்டில் எங்கேயோ மண் சரிந்துவிட்டது, பஸ் எதுவும் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் சரிவு விழுவதற்கு முன்னால் இறங்கினாரா, பின்னாலா என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் ரேடியோவை எடுத்து எஃப்.எம்.மில் அண்ணனைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அவனுடைய ரேடியோவில், எதிரே அவனுடைய டிஜிட்டலில் பேசினாலும் எஃப்.எம்.மில் பேசினாலும் தானாக அதற்கு மாறிக்கொள்ளும் வசதி உண்டு. இரைச்சல் வருகிறது என்று அதை அணைத்து, டிஜிட்டலிலேயே பூட்டி வைத்திருந்தான். அது அப்போது எனக்குத் தெரியாது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, அவன் என்ன பேசுகிறான் என்றாவது பார்ப்போம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். பேட்டரி பாதிதான் இருந்தது. டாங்கிளில் அதன் சின்ன ஆன்டெனாவை மாட்டியிருந்தேன்.

மஞ்சள் கோடு எழுந்தது. அண்ணன் குரல்தான்.

"ஏத்தா... மாப்ள..." அதன் பிறகு ஒன்றுமில்லை. டிஜிட்டலில் அப்படித்தான், பழைய ரேடியோவில் வருவது போல இரைச்சலுக்குள் பாதியாவது ஊகிக்க முடியாது. வந்தால் வரும், இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். பிறகு "ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு" என்பது மட்டும் சுத்தமாக வந்தது. கடைசியில் "கேட்டாப் பதில் சொல்லு."

மாப்ளைக்கும் மண்ணுக்கும் நடுவில் அவன் என்ன சொன்னான்? ரேடியோவை எடுத்து, "அண்ணே, திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லு" என்றேன். பூட்டி வைத்த ரேடியோவுக்கு எதிரே நான் கத்திக்கொண்டிருந்தேன். திருப்பிக் கேட்க முடியாத செய்தியைப் போலக் கொடுமை வேறில்லை.

பிறகுதான் புத்தி வந்தது. கூரை ஆன்டெனா வயரை ரேடியோவிலிருந்து கழற்றி டாங்கிளில் திருகினேன். அவசரத்தில் மரை ஏறவில்லை. அதற்குள் அவன் பேச ஆரம்பித்துவிட்டான், பாதி போய்விட்டது. காத்திருந்தேன். லேப்டாப் பேட்டரி சிவப்புக்கு வந்தது. அடுத்த முறை எல்லாம் விழுந்தது.

"ஏத்தா, கேக்குதா? மாப்ள வந்து சேந்துட்டாரு. நம்ம கடையிலதான் இருக்காரு. ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு, இன்னைக்கு மேல வர முடியாது. கேட்டாப் பதில் சொல்லு."

எனக்கு அழுகை வந்தது. அதற்குள் அவன் யாரிடமோ திரும்பிச் சொல்வதும் கேட்டது. "இவ எங்க கேக்கப்போறா. ரேடியோவ அமத்திப்போட்டு அடுப்படியில நிப்பா." அவனுக்குப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர், "இல்ல மச்சான், அவ கேப்பா" என்றார். அதோடு லேப்டாப் அணைந்தது.

மறுநாள் சாயங்காலம் மண்ணை அள்ளி ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி விட்டார்கள். அவர் வந்து சேர்ந்தார். டவரும் வந்தது. அண்ணனுக்குப் போன் போட்டு நான் இறைத்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பூட்டி வைத்திருந்த விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது.

"நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்த. கேட்டதே போதும்ல" என்றான்.

"கேட்டது எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரிஞ்சுதா?" என்றேன்.

அவன் தானாக மாறும் வசதியை மறுபடி போட்டுவிட்டதாகச் சொன்னான். போட்டான்தான். ஆனால் என் எஃப்.எம். குரல் கரகரவென்று நடுவே நுழையும்போதெல்லாம் ஒட்டன்சத்திரத்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்கிறான், எனக்குக் கேட்கும்படியாகவே. தன்னுடையது மாதிரி ஒன்றை நான் வாங்கிவிட்டால் தொல்லை தீரும் என்கிறான். முதலில் வாங்கியது நான், நீதான் மாற வேண்டும் என்கிறேன். கூரையில் இரண்டாவது ஆன்டெனா ஒன்று மாட்டித் தருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார், கழற்றி மாட்டும் வேலையாவது குறையும். சௌசௌ அறுப்பு முடியட்டும் என்கிறார். நான் அதற்குள் ஆன்டெனாவுக்குக் கம்பி வாங்கி வைத்துவிட்டேன்.