குறுக்கே ஒரு விளக்குமாறு

இது நடந்தது. நடந்தபோது நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. அது இரவுகூட இல்லை, காலை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

ஆறரைக்கு எழுந்தேன். அடுப்பில் விறகு போட்டேன். பனியை உருக்கிக் காபி வைத்தேன். கறுப்பு ரொட்டி, உலர்ந்த பனிமான் இறைச்சி இரண்டு துண்டு. கோப்பையைக் கழுவினேன். நெருப்பு அணைந்ததும் சாம்பலை வெளியே கொட்டினேன். அடுத்து வருபவருக்காக விறகு பிளந்து அடுப்போரம் அடுக்கினேன். கோடரியைக் கொட்டகையில் வைத்தேன். இந்தக் காட்டுக் குடில்களுக்குப் பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம், தங்கலாம். கிளம்பும்போது படியில் கிடக்கும் விளக்குமாற்றைக் கதவில் சாத்தி வைத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம்.

மற்றவர்கள் சும்மா சாய்த்து வைப்பார்கள். என் மனைவி ஐலா காற்றில் விழாமலிருக்க அதைக் கதவின் கைப்பிடிக்குள்ளும் நிலையில் இருக்கும் இரும்பு வளையத்துக்குள்ளும் குறுக்காகச் செருகிவிடுவாள். அது எப்போதும் அவள் வேலை. நான் முன்னால் போவேன். முதல் வளைவுக்குள் என்னைப் பிடித்துவிடுவாள்.

லெம்மென்யோக்கி என்ற இந்த வனப் பூங்காவை எல்லாப் பருவத்திலும் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. மார்ச்சில் வந்தோம். இறுகிய பனியில் வெயில் பட்டுக் கண் கூசியது. ஜூனில் வந்தோம். சூரியன் மறையவே இல்லை, கொசு எங்களைத் தின்றது. செப்டம்பரில் மலை முழுக்கச் சிவப்பு. சூரியன் எழாத டிசம்பர் மட்டும் பாக்கி இருந்தது. அதற்குள் அவளுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. அக்டோபரில் இறந்தாள். டிசம்பரில் நான் தனியாக வந்தேன்.

அவளுடைய அண்ணன் ஓவ்லா பனிமான் வளர்ப்பவர். அவர்தான் தன் பனிவண்டியில் மேடுவரை கொண்டுவந்து விட்டார். மறுநாள் மதியம் அதே மேட்டில் வந்து அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

“ஆத்து வழி வேணாம் மாப்ளே. இந்த வருஷம் பனி முந்திக்கிச்சு, அடியில ஐஸே புடிக்கல. மேட்டு வழியாவே திரும்பி வா.”

சரி என்றேன்.

“நீ சரிங்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? ஹெல்சின்கில படிச்சவனாச்சே. உனக்கு எதுனா ஆச்சுன்னா என் தங்கச்சி என்னையத்தான் திட்டுவா.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. குனிந்து, கூட வந்திருந்த தன் நாயின் காதைத் தடவிக்கொண்டு நின்றார்.

நான் ஆற்று வழியாகப் போவதென்று முன்பே முடிவு செய்திருந்தேன். அது குறுக்கு வழி என்பதால் அல்ல.

காலை எட்டே முக்கால். பை, தீப்பெட்டி, விளக்கு, போன் எல்லாவற்றையும் வெளியே இழுவைப் பலகையில் கட்டியாயிற்று. காலில் பூட்டும் பனிச்சறுக்குக் கட்டைகள் படியோரம் தயாராக இருந்தன. கையுறையை மறந்துவிட்டு உள்ளே திரும்பி வந்தேன். பழக்கத்தில் கதவைச் சாத்தினேன்.

வெளியே யாரோ படியைப் பெருக்கினார்கள்.

சர்ரக்… சர்ரக்…

ஓவ்லா சீக்கிரம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் வண்டிச் சத்தம் கேட்கவில்லை. அவரை விட்டால் நாற்பது கிலோமீட்டருக்கு மனிதர்களே இல்லை.

பெருக்கும் சத்தம் நின்றது. மரத்தோடு மரம் உரசியது. கைப்பிடிக்குள் ஏதோ நுழைந்து நின்றது.

டொக்.

பிறகு பனியில் சறுக்கும் சத்தம். ஷ்ஷ்… ஷ்ஷ்… ஆற்றுப் பக்கம் போய்த் தேய்ந்தது.

கதவைத் தள்ளினேன். வெளிப்பக்கம் திறக்கும் கதவு. விரலளவு நகர்ந்து நின்றது. இடுக்கில் கைவிட்டுத் தடவினேன். குறுக்காக ஒரு கழி.

தோளால் இடித்தேன். பெஞ்சைத் தூக்கி இடித்தேன். கழி அசைந்தது, உடையவில்லை. ஜன்னலில் என் தலைகூட நுழையாது.

அடுப்போரம் விறகு இருந்தது. பற்றவைக்க ஒரு குச்சி இல்லை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. உள்ளே சுவரின் ஆணித் தலைகளில் வெள்ளை பூக்கத் தொடங்கியது. கால்விரல்கள் வலித்தன. பிறகு வலிக்கவில்லை. அதுதான் மோசம்.

சாக வேண்டும் என்று நினைத்து வந்தவன் நான். அந்த அறையில் சாகப் பயமாக இருந்தது.

பத்தரைக்கு நீல வெளிச்சம் வந்தது. ஜன்னலின் உறைபனியைச் சுரண்டிப் பார்த்தேன். சறுக்குக் கட்டைகள் இல்லை. இழுவைப் பலகை இல்லை. படியில் பனி சுத்தமாகப் பெருக்கப்பட்டிருந்தது. பிறை பிறையாக.

நான் பெருக்கினால் நேர்கோடாக இருக்கும். பிறை பிறையாகப் பெருக்குவது ஐலா.

பன்னிரண்டு ஐம்பதுக்கு வண்டிச் சத்தம் கேட்டது. நின்றது. படியில் காலடி. நாய் உறுமியது. நான் கத்தினேன். கதவில் இரண்டு கையாலும் அடித்தேன். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு பலகைதான்.

ஓவ்லா நாயிடம் பேசுவது தெளிவாகக் கேட்டது.

“வாடா முஸ்தி. ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க.”

ரெண்டு பேரும்.

இன்னும் கத்தினேன்… என் தொண்டையிலிருந்து குரல் வந்தது. எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

வண்டி கிளம்பியது. ஆற்றுப் பக்கம்.

பிறகு அமைதி.

பிறகு…

சர்ரக்.

வெளியே அல்ல.

உள்ளே. என் முதுகுக்குப் பின்னால்.

நான் திரும்பவில்லை.

சர்ரக்…

கதவு திறந்தபோது மணி ஒன்று இருபது. ஓவ்லா என்னைப் பார்த்தார். இரண்டடி பின்வாங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கையில் அந்த விளக்குமாறு. அவர் என்னைக் காப்பாற்ற வரவில்லை. குடிலின் சுவரில் மாட்டியிருக்கும் கயிற்றை எடுக்க வந்திருந்தார்.

என் பிணத்தை இழுக்க.

அவர் வீட்டில், கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் சொன்னார். மேட்டில் காத்திருந்து பார்த்து, நான் வர மாட்டேன் என்று தோன்றிக் குடிலுக்கு வந்திருக்கிறார். கதவில் விளக்குமாறு இருந்தது. படியிலிருந்து இரண்டு பேரின் சறுக்குத் தடம் ஆற்றை நோக்கிப் போயிருந்தது, அருகருகே. பின்னால் இழுவைப் பலகையின் கோடு. யாரோ நண்பனோடு கிளம்பிவிட்டேன் என்று நினைத்துத் தொடர்ந்து போயிருக்கிறார். நடு ஆற்றில் ஐஸ் உடைந்து கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. இரண்டு தடமும் அதற்குள் போயின. மறுபக்கம் எதுவும் ஏறவில்லை.

“கதவுல காத வெச்சுக் கேட்டேன் மாப்ளே. உள்ள மூச்சுச் சத்தம்கூட இல்ல.”

அவற்றில் ஒன்று என் தடமா என்று கேட்டேன்.

“ஒண்ணு உன்னோடதுதான். எனக்குத் தெரியாதா? இன்னொண்ணு யாரோடதுன்னு மட்டும் என்னைய கேக்காத.”

ஜூனில் ஐஸ் உருகி ஆறு திறந்துகொண்டது. என் சறுக்குக் கட்டைகள் கீழே ஒரு பாறை இடுக்கில் சிக்கிக் கிடந்ததை ஓவ்லா கண்டெடுத்தார். இரண்டிலும் கட்டு பூட்டியிருந்தது. காலணி உள்ளே அழுத்தினால்தான் அந்தக் கட்டு பூட்டும். என் காலணிகள் இரண்டும் அன்று முழுக்க என் காலில்தான் இருந்தன.

எனக்கு விளக்கம் தெரியாது. அவள் என்னை உள்ளே பூட்டினாளா, அழைத்துக்கொண்டு போனாளா, இரண்டுமேவா என்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அக்டோபரில், மருத்துவமனையில், கடைசி நாள் காலை, தான் அந்தக் குடிலில் இருப்பதாகவே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலோரம் எதையோ தேடினாள். பிறகு என் கையை விட்டுவிட்டுச் சொன்னாள்:

“நீ முன்னாடி போ. வெளக்கமாத்தச் சாத்திட்டு நான் வந்துடறேன்.”