பனி பிடித்த பலகைப் பாலம்

எனக்குப் பிடித்த காலநிலை எது என்று சொன்னால் மெல்பேர்னில் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். ஜூலை மாதம், இங்கே நடுக் குளிர்காலம், காலை ஆறேகால் மணி, நான்கு பாகை குளிர். காற்று இருக்கக் கூடாது. மழை இருக்கவே கூடாது. தெரு காய்ந்து கிடக்க வேண்டும். அந்தக் குளிரில் சைக்கிள் ஏறினால் முதல் பத்து நிமிடம் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும். பிறகு நெஞ்சுக்குள் சூடு பிடிக்கும். மூச்சு விளக்கு வெளிச்சத்தில் புகையாகப் போகும். வேலைக்குப் போகும் அந்த நாற்பது நிமிடம் மட்டும்தான் என் மனம் ஒரு இடத்தில் நிற்கும்.

பிடிக்காததைச் சொல்லத் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும். வடக்குக் காற்று பிடிக்காது. தூறல் பிடிக்காது. மழை என்றால் மழையாகப் பெய்ய வேண்டும், இதென்ன மூக்குச் சிந்துவது மாதிரி? ஈரத் தெருவில் வெள்ளைக் கோடு வழுக்கும், யூகலிப்டஸ் இலை வழுக்கும். மழை நாளில் நோபல் பார்க்கில் ரயிலைத் தூக்கி ஓடவிட்டிருக்கும் பாலத்துக்குக் கீழே கொஞ்ச தூரம் நனையாமல் போகலாம். பிறகு டண்டினோங் பக்கம் ஓடைக்கரைப் பாதை. அங்கே ஒரு பலகைப் பாலம் இருக்கிறது. வானம் துடைத்துவிட்டது போல் தெளிவாக இருந்த இரவுக்கு மறுநாள் அந்தப் பலகையில் உறைபனி பிடித்திருக்கும். அதில் இறங்கித்தான் நடக்க வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

சைக்கிள் எனக்குப் பொழுதுபோக்கு அல்ல. பெப்ரவரியில் ஒரு நாள் வேலையால் காரில் வரும்போது, சிவப்பு விளக்கில் நின்ற இடத்தில் மயங்கிவிட்டேன். யாரோ கண்ணாடியில் தட்டிய சத்தத்தில்தான் கண் விழித்தேன். கார் மெல்ல உருண்டு தெரு விளிம்பில் முட்டி நின்றிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தலையைப் படம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டினார்கள், எல்லாம் சரி என்றார்கள். எல்லாம் சரி என்றால் ஏன் மயங்கினேன்? அது தெரியாதாம். டொக்டர் அம்மா அமைதியாகச் சொன்னார்: ஆறு மாதம் வாகனம் ஓட்டக் கூடாது, இடையில் இன்னொரு முறை மயங்கினால் முதலாம் நாளிலிருந்து திரும்ப எண்ண வேண்டும். சைக்கிளைப் பற்றிக் கேட்டேன். பெரிய தெருக்களைத் தவிர்க்கச் சொன்னார். இன்னொரு மயக்கம் வந்தால் அதுவும் இல்லை என்றார்.

நான் சாமான் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். கீரை, சலாட் எல்லாம் கழுவிப் பொதி செய்யும் தொழிற்சாலை. ஆறு மாதத்துக்கு என்னைப் பொதி செய்யும் வரிசையில் நிறுத்தினார்கள். எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று கீரைப் பொதி பார்ப்பது என்ன வேலை என்று என்னைக் கேட்காதீர்கள். என் இடத்தை ஆறு மாதம் பிடித்து வைத்திருப்பதாக மேலாளர் சொல்லியிருந்தார். ஏழாவது மாதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மனைவி முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அவள் வேலை வடக்கே, என் வேலை தெற்கே, இருவருக்கும் ஒரே நேரம். அதனால்தான் சைக்கிள். அவளுக்கு அது பிடிக்கவேயில்லை.

"உங்களுக்கு விசரே? இந்தக் குளிருக்குள்ள ஆர் சைக்கிள் ஓடுறது? சும்மா வீட்டில ஆறு மாசம் இருந்தா என்ன?"

"சும்மா இருந்தா எனக்கு உண்மையிலயே விசர் பிடிக்கும்."

"ஓம், இப்ப மட்டும் பிடிக்கேல்லையாக்கும்."

அப்படியே ஐந்து மாதம் பதினொரு நாள் போயிற்று. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சைக்கிளைக் கவனித்தேன். பிரேக் பிடி இறுக்கமாக இருந்தது, செயின் சத்தம் போட்டது. எண்ணெய்க் குப்பியைப் பார்த்தால் காலி. குசினியில் மனைவி தலைக்கு வைக்க எடுத்த தேங்காய் எண்ணெய் சுடுதண்ணீருக்குள் நின்றது. எனக்கு உடனே மூளை வேலை செய்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மெஷின் எண்ணெய்க்கு எங்கே போவது? தேங்காய் எண்ணெயில்தான் ஓடினோம். சைக்கிள் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. செயினுக்கு விட்டேன், பிரேக் வயருக்குள் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். பிரேக் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

திங்கட்கிழமை காலை கைபேசி ஒரு பாகை என்றது. உணர்வதற்கு மைனஸ் இரண்டாம். எனக்கு எப்படி உணரும் என்று அதற்கு யார் சொன்னது? புல்லெல்லாம் வெள்ளை. காற்று இல்லை, தெரு காய்ந்திருந்தது. கொஞ்சம் கூடுதலான குளிர், ஆனாலும் எனக்குப் பிடித்த காலைதான். ஏறி மிதித்தேன். மிதி கனமாக இருந்தது. கால் வராதது போல் ஒரு அலுப்பு. பெப்ரவரியில் மயங்குவதற்கு முன்னும் கால் இப்படித்தான் கனத்ததோ என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, சும்மா இரு என்று என்னையே அதட்டினேன்.

வழியெல்லாம் நினைப்பு அதிலேயே ஓடியது. ஓடைக்கரை இறக்கத்தில் வேகத்தைக் குறைக்க லேசாகப் பிரேக் பிடித்தது ஞாபகம். பாலத்தில் இறங்கி நடக்க வேண்டும் என்று நினைத்ததும் ஞாபகம். அடுத்த ஞாபகம், கன்னத்தில் பலகை. சைக்கிள் விளக்கு அந்தப் பக்கம் மினுங்கிக்கொண்டு கிடந்தது. இடையில் என்ன நடந்தது? தெரியாது. எவ்வளவு நேரம் கிடந்தேன்? அதுவும் தெரியாது.

எழும்பினேன். முழங்கை வலித்தது, இடுப்பு வலித்தது. இரண்டு கையுறையும் உள்ளங்கைப் பக்கம் கிழிந்து தோல் எரிந்தது. எனக்கு வலி ஒரு பொருட்டே இல்லை. மயங்கிவிட்டேனா? அது ஒன்றுதான் கேள்வி. தெரிந்த பாலம், தெரிந்த பனி, இறங்கி நடக்க வேண்டும் என்று நினைத்த மனிதன் எப்படி ஏறியபடியே விழுந்தான்? அந்த இருட்டுக்குள் நின்று என் பெயர், பிறந்த திகதி, வீட்டு இலக்கம் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. அதனால் என்ன? பெப்ரவரியிலும் கண் விழித்த பிறகு எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். திரும்ப ஏறப் பயந்து, பிரேக்கைத் தொடாமல் மீதி வழியைச் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தேன்.

வேலைத்தளத்தில் கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் சைக்கிளை வைப்பது வழக்கம். என்னோடு வரிசையில் நிற்கும் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன், முப்பது வயது இருக்கும், நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டான்.

"அண்ணே, என்ன ஆச்சு? விழுந்துட்டீங்களா?"

"இல்லையடா தம்பி. குளிருக்கு இடுப்பு பிடிச்சிட்டுது."

"நான்தான் சொல்றேன்ல, நானும் அந்தப் பக்கமாத்தானே வர்றேன். கார்ல ஏறிக்கங்க. சைக்கிள்ல அப்படி என்ன இருக்கு?"

மற்ற நாளாக இருந்தால் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு, "சரி, இண்டைக்குப் பின்னேரமே வாறன்" என்றேன். அவன் திகைத்துப் போனான்.

மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் நேரே சைக்கிளிடம் போனேன். ஏதாவது ஒரு பழுது இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் போனேன். டயரை அமுக்கினேன், சரி. சில்லைச் சுற்றினேன், சரி. பிரேக்கைப் பிடித்து விட்டேன், பிடித்து விட்டேன், பத்துத் தரம் பிடித்து விட்டேன். அழகாகப் பிடித்தது, அழகாக விட்டது. சைக்கிளில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் குறை என்னில்தான். கொதிகலன் சூட்டில் வியர்க்க வியர்க்க நின்று பதினோராம் தரமும் பிடித்துப் பார்த்தேன்.

சைக்கிளையும் தம்பியின் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் போவதற்கு முன் கையுறை இரண்டையும் வெளிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் டொக்டருக்குச் சொல்லச் சொல்லுவாள், டொக்டருக்குச் சொன்னால் முதலாம் நாள். சொல்லாமல் விட்டால் இன்னும் மூன்று கிழமையில் கார் திறப்பு கையில், திரும்ப ஓட்டலாம். பிறகு ஃபோர்க்லிஃப்ட். பிறகு ஒரு நாள் மயக்கம் வந்தால், முன்னால் யாராவது நின்றால்? அந்தக் கிழமை முழுவதும் இதுதான். சாப்பிடும்போது இது, கீரைப் பொதி போகும்போது இது. தொலைக்காட்சி முன்னால் இருந்தால் எழும்புவேன், எழும்பினால் ஏன் எழும்பினேன் என்று தெரியாமல் திரும்பக் கதிரையில் இருப்பேன்.

"மழை வரும் போல கிடக்கு, அந்தத் தம்பியோட காரில போறன்" என்று மனைவிக்குச் சொன்னேன். நான்கு நாளும் ஒரு துளி மழை இல்லை. மழைக்குப் பயந்த ஆளா நான்? அவள் ஒன்றும் கேட்கவில்லை. "ஓம்" என்றாள், அவ்வளவுதான். அவள் கேட்காதது நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

சனிக்கிழமை விடிய எனக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளைக் கண்ணில் காணக்கூடாது, தெருவோரப் புல்லில் வைத்துவிட்டால் யாராவது கொண்டு போகட்டும் என்று கார்க் கொட்டகைக்குப் போனேன். நல்ல பனி. கொட்டகைத் தகரம் எல்லாம் வெள்ளை. சைக்கிளை உருட்டி, வாசல் சரிவில் ஓடாமல் இருக்கப் பிரேக் பிடித்தேன். விட்டேன். பிரேக் விடவில்லை.

பிடி உள்ளே போனது போனபடி நின்றது. முன் சில்லு இறுகி நின்றது. தள்ளினால் சிமெந்தில் கிறீச்சென்று இழுபட்டது. அந்தச் சத்தம்! அதே சத்தம். பலகையில் முன் சில்லு இழுபட்டது, ஹாண்டில் கையை விட்டுத் திரும்பியது, "ஐயோ" என்று நான் கத்தியது, எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. விழுந்த அடியில் பிடி விடுபட்டிருக்க வேண்டும், அதனால்தான் பிறகு உருட்டும்போது தெரியவில்லை. குனிந்து பிரேக் வயர் நுனியைப் பார்த்தேன். மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ பிதுங்கி நின்றது. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்தேன். தேங்காய் எண்ணெய்.

அட மடையா! குளிர்காலம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு காலையும் குசினித் தட்டில் அந்த எண்ணெய்ப் போத்தல் கல்லாகி நிற்கிறது. அதைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்கித்தான் அவள் தலைக்கு வைக்கிறாள். பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். அதையே கொண்டு போய்ப் பிரேக்குக்குள் ஊற்றிவிட்டு, கொதிகலன் சூட்டில் உருகி நின்றதைப் பார்த்துச் சைக்கிள் நல்லம், நான்தான் பழுது என்று ஐந்து நாள் செத்துப் பிழைத்திருக்கிறேன். நான் முட்டாள், நோயாளி இல்லை. என் வாழ்க்கையில் முட்டாளாக இருந்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

உள்ளே ஓடினேன். மனைவி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் மயங்கேல்ல! எண்ணெய், எண்ணெய்தான் உறைஞ்சு போச்சு! பிரேக் இறுகித்தான் விழுந்தனான், மயங்கேல்ல!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான், விழுந்த கதையே அவளுக்குத் தெரியாதே என்பது உறைத்தது.

அவள் திடுக்கிடவில்லை. கேத்திலை வைத்தாள். குசினி லாச்சியை இழுத்துத் திறந்து என் கையுறைகளை எடுத்து மேசையில் போட்டாள். கழுவி, உள்ளங்கைக் கிழிசலைக் கறுப்பு நூலால் தைத்திருந்தாள்.

"குப்பை போடப் போகேக்க கண்டனான். நீங்கள் கதிரையில இருந்த விதத்திலயே எனக்கு விளங்கினது. நாள் முழுக்க விழுந்த சனத்தைத்தானே நான் தூக்கிறனான்."

"அப்ப ஏன் கேக்கேல்ல?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"நீர் பயப்படுவீர் எண்டுதான்..."

"நான் ஏன் பயப்பிட?" அவள் ஒரு கையுறையைப் புரட்டித் தையலைக் காட்டினாள். "மயங்கி விழுறவை கையை ஊண்ட மாட்டினம். முகம் அடிபட விழுவினம். உங்கட ரெண்டு கையுறையும் கிழிஞ்சு கிடந்தது. நீங்கள் மயங்கேல்ல எண்டு எனக்குத் திங்கட்கிழமையே தெரியும்."

நான் கதிரையில் இருந்தேன். ஐந்து நாளில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எழும்ப வேண்டும் என்று தோன்றவில்லை.

"டொக்டரிட்டயும் இதைச் சொல்லுறியள்" என்று தேத்தண்ணீரை என் பக்கம் தள்ளினாள். "என்னட்டச் சொல்லியிருந்தா, அண்டைக்கே நித்திரை கொண்டிருப்பியள்."