கத்திரிக்குக் கட்டிய வரப்பு

தண்ணீர் நிற்க நிற்கத்தான் செடி வளரும் என்று நம்பினேன். உத்திரமேரூரில் பிறந்து, ஜெராக்ஸ் கடை வைத்து, ஊரார் பட்டாவுக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்துத் தலை நரைத்த ஒருவன் நம்பினான். பட்டாவைத் தொட்ட கைக்கு விவசாயம் தானாக வந்துவிடும் என்பது அந்த மேதையின் இன்னொரு நம்பிக்கை.

எல்லாம் என் வாயால் வந்தது. மகளைத் தென்னேரியில் கொடுத்திருக்கிறேன். ஏரித் தண்ணீரில் நெல் போடுகிற குடும்பம். கல்யாணம் முடிந்த கையோடு சம்பந்தி சிரித்துக்கொண்டே, "உங்களுக்கின்னா சம்பந்தி, கொத்தமல்லிகூட கடையில வாங்கித் துன்றவங்க" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "தலைப் பொங்கல் வரிசைக்குக் காய் பூரா நம்ம தோட்டத்துதான்" என்று அடித்துவிட்டேன். என்னிடம் தோட்டமே இல்லை. மகள் அதை நம்பி மாமியார், நாத்தனார் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டாள். நான் காய் கொண்டுபோகாவிட்டால் அந்த வீட்டில் கேலி கேட்கப்போவது அவள்தான்.

பதறியடித்து நண்பரிடம் ஓடினேன். தன் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த துண்டு நிலத்தைக் காட்டினார். "பொங்கல் வரைக்கும் வெச்சிக்கோ. அப்பால எனக்கு வோணும்."

புரட்டாசியில் கத்திரி நாற்றும் மிளகாய் நாற்றும் நட்டேன். அதற்கு முன்பே நாலு பக்கமும் வரப்பு போட்டாயிற்று. என்ன வரப்பு! நண்டு வளை, எலி வளை எல்லாவற்றையும் தேடித் தேடிச் சேறு அப்பி அடைத்தேன். எங்கள் பக்கத்தில் வயல் என்றால் கண்ணில் நிற்பது அதுதான்: நாலு வரப்பு, நடுவில் வானம் தெரிகிற தண்ணீர். மோட்டாரைப் போட்டேன். கணுக்கால் அளவுக்கு நின்றது. அழகு பார்த்தேன்.

பக்கத்துத் துண்டில் கீரை போட்டிருந்த அம்மாவும் பார்த்தாள்.

"இன்னாண்ணா, கத்திரி வெக்கிறியா, கெண்ட மீனு வளக்கிறியா?"

"தண்ணி கட்டறம்மா."

"வரப்ப ஒரு பக்கம் வெட்டி வுடுண்ணா. வேரு அழுவிப்பூடும்."

பொறாமை, வேறென்ன. என் தண்ணீரைத் தன் கீரைக்குத் திருப்பப் பார்க்கிறாள் என்று தீர்மானித்து, அந்தப் பக்கத்து வரப்பை இன்னும் ஒரு சாண் உயர்த்தினேன்.

இலை மஞ்சளாயிற்று. தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் விட்டேன். ஐப்பசி மழை வேறு வந்து என்னோடு சேர்ந்துகொண்டது. அப்புறம்தான் பயம் பிடித்தது. செல்போனில் ஒருவன் புளித்த மோர் என்றான், ஊற்றினேன். இன்னொருவன் வேப்பெண்ணெய் என்றான், அதையும் தெளித்தேன். கண்ணேறாக இருக்குமோ என்று என் பழைய சட்டையைக் கம்பில் மாட்டி நட்டேன். காய்க்காத செடிக்குக் காவல்! சாலையில் போனவர்கள் அதைப் பார்த்து நான்தான் என்று கையசைத்தார்களாம். அதுவாவது அசையாமல் நின்றது. நான் நாளெல்லாம் வரப்பைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

"வூட்டு வாசல்ல ஒரு துளசிய ஒயுங்கா வெச்சிக்கத் துப்பில்ல, வரிசை வெக்கறாராம் வரிசை" என்றாள் மனைவி.

போகிக்கு முந்தின நாள் சந்தைக்குப் போனேன். பதற்றத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் பையில் போட்டேன். அதோடு விட்டேனா? எல்லாவற்றையும் தோட்டத்துக்குக் கொண்டுபோய் அந்தச் சேற்றில் புரட்டி எடுத்தேன், அப்போதுதான் பறித்த மாதிரி இருக்கட்டும் என்று. கீரைக்கார அம்மா இதையும் பார்த்தாள்.

தென்னேரியில் தட்டுகளை இறக்கினோம். மகள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். சம்பந்தி காய்த் தட்டைக் கிளறி, சேறு பூசிய ஒன்றைத் தூக்கித் துண்டால் துடைத்தார். உள்ளே சிவப்பாக எட்டிப் பார்த்தது.

"கேரட்டுகூட உங்க தோட்டத்துல வருதா சம்பந்தி? எங்க மண்ணுல இன்னாத்துக்கோ வர்றதில்ல."

மகள் என்னைப் பார்த்தாள். "கடையில வாங்கனது" என்றேன். மாமியார் பக்கம் சிரிப்பு வெடித்தது. மகள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு காய் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

நான் நட்ட செடிகளில் ஒன்றுகூடக் காய்க்கவில்லை. தையில் நண்பர் என் வரப்பை அப்படியே வைத்துக்கொண்டு அந்தத் துண்டில் நெல் நட்டார்.