ஊட்ட முடியாத சாப்பாடு

எங்கள் அண்ணன் வண்டி எடுத்தால் நிறுத்த மாட்டார். காலமெல்லாம் சரக்கு லாரி ஓட்டியவர். வேலையை விட்ட பிறகு வாங்கிய பழைய வேனில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினாலும் அதே பிடிவாதம்தான். குழந்தைக்கு அவசரம் என்றால் ஓரங்கட்டுவார். பெரியவர்களுக்கு அவசரம் என்றால் முறைத்துவிட்டு ஓரங்கட்டுவார். சாப்பாட்டுக்கு மட்டும் நிறுத்தவே மாட்டார். "ஓடுற வண்டியில சாப்பிடத் தெரியாதவன் வீட்டுலயே உக்காந்து சாப்பிடட்டும்" என்பது அவர் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை மீறாமலே எங்கள் எல்லோர் வயிற்றையும் காப்பாற்றியவர் அண்ணி.

அண்ணி மருந்து கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தவர். பெட்டியைக் குலுக்கினால் உள்ளே சத்தம் வரக்கூடாது என்பது அங்கே படித்த பாடம். பயணத்துக்கு முந்தின நாள் சமையலறையில் கால் வைக்க முடியாது, எங்கு பார்த்தாலும் டப்பாக்கள். உதிர்கிற பிஸ்கட்டுக்கு அனுமதி இல்லை. ஆரஞ்சை வீட்டிலேயே உரித்துச் சுளை சுளையாக அடுக்கிவிடுவார், ஏனென்றால் வண்டிக்குள் தோல் உரித்தால் அந்த வாசனைக்கே என் மகள் வாந்தி எடுப்பாள். அவளுக்கென்று உப்புத் தூவிய எலுமிச்சைத் துண்டு தனியாக இருக்கும். என் மனைவிக்கு வெள்ளரிக்காய், நீளவாக்கில் நறுக்கி, ஈரம் ஒற்றி, துணியில் சுற்றி. எதைக் கொடுத்தாலும் தின்பவன் என்பதால் மிச்சம் மீதியெல்லாம் எனக்கு. "தம்பிக்கு என்ன, கல்லத் தின்னாலும் செரிக்கும்" என்று சிரிப்பார்.

அண்ணன் டப்பாவைத்தான் பார்க்க வேண்டும். அவித்த முட்டை நான்காகக் கீறி, வெண்ணெய் தடவிய ரொட்டி சதுரம் சதுரமாக வெட்டி, எல்லாம் ஒரு வாய்க்குள் அப்படியே போகிற அளவு. தூக்கம் வராமலிருக்கக் கொறிப்பதற்கு வறுத்த வேர்க்கடலையும் இருக்கும். அண்ணன் கை ஸ்டியரிங்கை விட்டு வராது, அண்ணிதான் ஊட்ட வேண்டும். முன் சீட்டில் உட்கார்ந்து, சாலையையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தபடி ஊட்டுவார். எதிரே பெரிய வண்டி வந்தால் கை பாதியில் நிற்கும். அது கடந்ததும் அண்ணன் வாய் தானாகத் திறக்கும். "புதுப்பொண்ணு மாப்பிள்ளைன்னு நெனப்பு" என்று பின்னாலிருந்து நாங்கள் கேலி செய்வோம். அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஏழெட்டு மாதத்துக்கு முன்பு அண்ணன் மகளை அவள் வீட்டில் விடப் போய்க்கொண்டிருந்தோம். நல்ல வெயில். தின்ற அசதியில் பின்னால் எல்லோரும் தூங்கிவிட்டோம். திடீரென்று வண்டி குலுங்கி, ஓரத்துச் சரளையில் இழுத்துக்கொண்டு போய் நின்றது. விழித்துப் பார்த்தால் ஸ்டியரிங்கில் அண்ணியின் இரண்டு கைகள்.

"பைத்தியமா உனக்கு? ஓட்டுறவன் கையில இருக்கறதப் பிடிச்சு இழுக்கற!" என்று அண்ணன் கத்தினார். அண்ணி முகத்தில் ரத்தமே இல்லை. அண்ணனைப் பார்த்தார், எங்களைத் திரும்பிப் பார்த்தார். "பூனை குறுக்க வந்த மாதிரி இருந்துச்சு" என்றார். நாங்கள் ஆளுக்கு ஒரு பாட்டம் திட்டினோம். அதிலிருந்து வீட்டில் அவருக்குப் 'பூனை அண்ணி' என்று பெயர். சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவரும் கூடச் சிரித்தார்.

பூனையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு அண்ணி முட்டைத் துண்டை நீட்டியிருக்கிறார், அண்ணன் வாய் திறக்கவில்லை. கண் திறந்திருந்தது, கை ஸ்டியரிங்கில் இருந்தது, ஆள் மட்டும் இல்லை. நினைவு திரும்பியபோது அவருக்கு எதுவுமே நடந்த மாதிரி இல்லை. பெண்டாட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பது மட்டும்தான் தெரிந்தது. மகள் முன்னால், தம்பி குடும்பத்தின் முன்னால் அதைச் சொல்ல அண்ணிக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து தனியாகச் சொன்னபோது அண்ணன் எரிந்து விழுந்திருக்கிறார்: "முதல்ல பூனைன்ன, இப்ப நான் செத்துட்டேங்கற. சாவிய என் கையிலேருந்து வாங்கறதும் ஒண்ணுதான், என்னப் பாதி புதைக்கறதும் ஒண்ணுதான்." யானைக்கும் அடி சறுக்கும், அசதியாக இருந்திருக்கும் என்று அண்ணி அதை மென்று விழுங்கிக்கொண்டார். போன மாதம் அண்ணன் ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறார். டம்ளர் நிறைந்து, மேசை நிறைந்து, தரையெல்லாம் தண்ணீர். அவர் ஜக்கைச் சாய்த்தபடி நின்றுகொண்டே இருந்தாராம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்தது. எல்லோரும் போவதாக முடிவானது. மலைப்பாதை வழி, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கிளம்புகிற காலையில் அண்ணி, "தம்பி ஓட்டட்டுமே" என்று மெதுவாகச் சொன்னார். "அவன் லேத்து மெஷின் ஓட்டுவான். அது நகராது, அதான் இன்னும் உயிரோட இருக்கான்" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு டப்பாவே இல்லை. பெரிய பிளாஸ்க் ஒன்று, துண்டில் சுற்றிய பாத்திரம் ஒன்று, கிண்ணங்கள், கரண்டிகள். விடிந்ததிலிருந்து யாருக்கும் ஒன்றும் தரவில்லை, எல்லாம் வண்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார். அண்ணிக்கு என்ன ஆச்சு என்று நான் மனைவியிடம் முணுமுணுத்தேன். நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அண்ணியின் கை ஹேண்ட் பிரேக் மேலேயே இருந்தது.

ஊர் முடிகிற இடம். மெயின் ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் ஒரு லாரி எடைமேடை, பக்கத்தில் மரங்கள். அண்ணி பிளாஸ்க்கைத் திறந்தார். காய்கறி சூப்பின் மணம் வண்டி முழுக்க அடித்தது. "பெரியம்மா, பசிக்குது" என்றாள் என் மகள். என் வயிறும் சத்தமாக ஆமாம் என்றது.

"ஊட்டு" என்றார் அண்ணன்.

"இத ஊட்ட முடியாதுங்க. கொதிக்குது. நிறுத்துங்க."

அண்ணன் நாலு வார்த்தை முனகினார். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அவர் சட்டம் மட்டும் நிற்குமா? வண்டியை மரத்தடியில் நிறுத்தினார். எல்லோரும் இறங்கி உட்கார்ந்து குடித்தோம். உருளைக்கிழங்கும் பட்டாணியும் குழைய வெந்த சூப். அண்ணன் இரண்டாவது கிண்ணம் வாங்கினார். நான் கிண்ணங்களைக் கழுவ வண்டியின் பின்பக்கம் போனபோதுதான் அண்ணியின் குரல் கேட்டது.

"என்னங்க, இனிமே தம்பி ஓட்டட்டும்."

"காலையிலயே சொல்லிட்டேன்ல?"

"சொன்னீங்க. நீங்க மெயின் ரோட்டுல ஏறக்கூடாதுன்னுதான் இத சமைச்சேன்."

"என்ன, என்னைய என்னன்னு நெனச்ச நீ?"

"அன்னைக்கு வழியில ஒரு பாலம் வந்துச்சே, அதுல ஏறினது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

வழியில் இருக்கிற ஒவ்வொரு வளைவும் மனப்பாடமானவர் அண்ணன். அந்தச் சாலையை அவர் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பாலத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"பாலத்துக்கு முன்னாடி முட்டைய நீட்டினேன். நீங்க வாயத் திறக்கல. ஒதட்டுல வெச்சு அழுத்தினேன், அப்பவும் திறக்கல. பாலத்தத் தாண்டற வரைக்கும் நான்தாங்க பிடிச்சிருந்தேன். எனக்கு சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது." அதுவரை அழாத அண்ணிக்கு அப்போது குரல் உடைந்தது. "நீங்க இனிமே என்கிட்ட பேசலன்னாலும் பரவால்ல. சாவியத் தம்பிகிட்ட குடுங்க."

நான் கையில் ஈரக் கிண்ணத்தோடு நின்றேன். பூனை, பூனை என்று சிரித்த வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அண்ணன் என்னிடம் வந்து சாவியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "ரெண்டாவது கியர் கொஞ்சம் மக்கர் பண்ணும். அவசரப்படாத" என்றார்.

என் மனைவி முன்னால் வந்தாள். அண்ணனும் அண்ணியும் பின்னால் உட்கார்ந்தார்கள், நடுவில் என் மகள். மலை ஏறத் தொடங்கியபோது மகள் தூங்கிவிட்டாள். அப்போதுதான் அண்ணன் மெல்லிய குரலில் கேட்டார்.

"அன்னைக்கு வண்டியில யாரு யாரு இருந்தாங்க?"

"தெரியாதா உங்களுக்கு?"

"நீ சொல்லு."

"தம்பி இருந்தாங்க. அவர் பொண்டாட்டி. இந்தப் பாப்பா, இப்படித்தான் தூங்கிட்டிருந்தா. நான்." அண்ணி கொஞ்சம் நிறுத்தினார். "நம்ம பொண்ணு இருந்தா. அவ வயித்துல, இப்ப பார்க்கப் போறோமே, அந்தக் குழந்தை இருந்துச்சு."

அண்ணன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஓட்டுகிறவன் அழக்கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தேன். அண்ணி அவரைத் தேற்றவில்லை, அழ விட்டார்.