துடைக்காத பொட்டு

ஆயுத பூஜையன்று அரியாங்குப்பத்தில், சேகர் அண்ணன் வீட்டு டிஜிட்டல் பொம்மை ரயில் அசையவே இல்லை. வயரிங் என்னுடையது. கூடம் நிறைய விருந்தாளிகள்.

"என்னா பாய், மானத்த வாங்கிட்டியே!" என்றார் அண்ணன்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மீட்டர் வைத்தேன், தண்டவாளத்தில் கரன்ட் சரியாகவே வந்தது. எஞ்சினைக் கவிழ்த்தேன். கரன்ட் ஏறவேண்டிய சக்கரமெல்லாம் காய்ந்த சந்தனம்! பூஜையில் அவர் அப்பியதுதான்.

எல்லோர் முன்னாலும் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றே, சந்தனத்தைச் சுரண்ட என் டூல்பாக்ஸைத் திறந்தேன். முந்தினநாள் அங்கேயே விட்டுப்போன பெட்டி. ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், சால்டரிங் அயர்ன் ஒவ்வொன்றிலும் எனக்காகப் பொட்டு வைத்திருந்தார்.

"லூஸ் காண்டாக்ட்தாண்ணே" என்றேன்.

சக்கரத்தைத் துடைத்ததும் ரயில் ஓடியது. ஸ்க்ரூடிரைவரைத் துடைக்க மட்டும் இன்னும் மனசு வரவில்லை.