கல்பாலத்துக் காவல்காரர்

காசிலிங்கம் முதலில் அடிப்பார். யார், என்ன என்று அப்புறம்தான் கேட்பார். கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே பண்ணையார் நாறும்பூநாத பிள்ளையின் பங்களாத் தோட்டத்தில் அவருக்குக் காவல் வேலை கிடைத்ததே அந்தக் கைக்காகத்தான். மாங்காய் பறித்தவன், விறகு பொறுக்கியவள், வழி தவறி உள்ளே வந்த தபால்காரர், எல்லாரும் அவரிடம் வாங்கியிருக்கிறார்கள். அங்கே தண்ணீர் பாய்ச்சுகிற ஆளான நானும் வாங்கினேன். ஒருநாள் புது வேட்டி கட்டிப் போனவனை அடையாளம் தெரியாமல் அறைந்தார். இடது காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை. பண்ணையார் அதைக் கேட்டுச் சிரித்தார்.

அந்தக் கை ஒருத்தியிடம் மட்டும் மெதுவாக இருந்தது. அவருடைய ஆறு வயது மகள் சொர்ணம், தாயில்லாப் பிள்ளை. தினமும் காலையில் அவள் தலையை இவர்தான் வாரிப் பின்னிவிடுவார். வகிடு கோணலாகத்தான் போகும். அவளுக்கு ஒன்று என்றால் இந்த மனுஷன் என்ன செய்வாரோ என்று எங்களுக்கே பயமாக இருக்கும்.

தோட்டத்தின் நடுவே கால்வாய். அதன் குறுக்கே ஆறு கல்தூண்களும் மேலே நீளப் பலகைக்கற்களுமாகப் பழைய பாலம். நாயக்கர் காலத்தது என்பார்கள். 1909 ஐப்பசி வெள்ளத்தில் நடுவிலிருந்த பலகைக்கல் ஒன்று விரிசல் விட்டுவிட்டது. மாசியில் தண்ணீர் வற்றியதும் அதை மாற்றப் பாபநாசம் என்ற கல்லாசாரி அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தார். மெலிந்த ஆள், வாயில் எந்நேரமும் வெற்றிலை.

அந்த மாசம் எங்கே போனாலும் ஒரே பேச்சு. எங்கோ ரயில் பாலத்துத் தூண் நிற்க மாட்டேன் என்கிறதாம், பிள்ளைத் தலை கேட்கிறதாம், சாக்குப் போட்டுப் பிடிக்கிறார்களாம். யார் கண்டது என்று கேட்டால் ஒருத்தரும் கண்டதில்லை. ஆனாலும் பொழுது சாயுமுன்னே பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினோம். நானும் சாத்தினேன், வெட்கக்கேடு.

புதுக்கல் ஏற்றும் நாள் வந்தது. கல் ஏற்றுமுன் தூணுக்கு ரத்தம் காட்டுவது அந்த ஆசாரிகளின் வழக்கம். வெயில் ஏறும் நேரத்தில் பாபநாசம் ஒரு சேவலை அறுத்து, ரத்தத்தைத் தூணில் தடவினார். மத்தியானக் கறிக்கு ஆகும் என்று சேவலைச் சாக்கில் போட்டுக் கட்டினார். கூட வந்த ஆட்கள் வடக்கயிறு எடுக்கப் போயிருந்ததால் அவர் மட்டும் தனியாக நின்றார்.

அதே நேரம் காசிலிங்கம் வீட்டில் சொர்ணத்தைக் காணோம். அவர் தங்கை அன்னத்தாய் பிள்ளையை ஆற்றில் குளிப்பாட்டி வளையல் போட்டுவரக் கூட்டிப் போயிருந்தாள். சொன்னால் அண்ணன் கை ஓங்குவார் என்று பயந்து, சொல்லாமலே போய்விட்டாள். மகளைத் தேடித் தோட்டமெல்லாம் ஓடிவந்தவர் கண்ணில் முதலில் தூணிலிருந்த ரத்தம் பட்டது. பிறகு சாக்கு. சாக்கின் அடியிலும் ரத்தம்.

"ஏலே, எம் புள்ளைய எங்கலே?"

பாபநாசம் வெற்றிலையைத் துப்புவதற்குள் முதல் அடி விழுந்தது. கூச்சல் கேட்டு நாங்கள் இருபது பேர் ஓடினோம். "புள்ள புடிக்க வந்தவன்லே, விடாதீங்க!" என்று ஒரு குரல் கத்தியது. அது நான் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. கற்கள் பறந்தன. ஒன்று அவர் வாயில் பட்டு, பல்லும் வெற்றிலைச் சாறும் ரத்தமும் ஒன்றாக வழிந்தன.

"சேவல், அண்ணாச்சி... சேவலத்தான் அறுத்தேன்... சாக்க அவுத்துப் பாருங்க..."

சாக்கு ஐந்தடி தள்ளிக் கிடந்தது. அதை அவிழ்க்க அந்த இருபது பேரில் ஒரு பாவிக்கும் தோன்றவில்லை.

காசிலிங்கம் இடுப்பில் செருகியிருந்த அரிவாளை உருவி ஓங்கினார். பாபநாசம் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தார். வெட்டு வலது மணிக்கட்டில் இறங்கியது. துண்டான கை பலகைக்கல்லில் விழுந்தது. அதன் விரல்கள் ஒருமுறை மடங்கின.

"அப்பா!"

பாலத்தின் அந்தக் கரையில் அத்தையின் கையைப் பிடித்தபடி சொர்ணம் நின்றாள். ஈரத்தலை, கை நிறையப் பச்சை வளையல். எவ்வளவு நேரமாக நின்றாளோ, வெட்டு விழுந்ததைப் பார்த்துவிட்டாள்.

பாபநாசம் பிழைத்தார். கல் கொத்துகிற கை போன பிறகு அது என்ன பிழைப்பு? துணி சுற்றிய மொட்டைக் கையோடு அவர் கோர்ட்டில் நின்றபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காசிலிங்கம் எதையும் மறுக்கவில்லை. பாளையங்கோட்டை ஜெயிலில் ஏழு வருஷம் போட்டார்கள். கல் எறிந்த எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வேறொரு ஆசாரியை வைத்துப் பண்ணையார் பாலத்தை முடித்துக்கொண்டார்.

1917 ஆடியில் காசிலிங்கம் திரும்பி வந்தார். கால்வாய் நிறையத் தண்ணீர். நான் பாலத்தடியில் மடை திறந்துகொண்டிருந்தேன். அன்னத்தாய் பதின்மூன்று வயதுச் சொர்ணத்தைக் கூட்டிவந்து இக்கரையில் நிறுத்தி, "ஒங்கப்பாதான்டி, கிட்டப் போ" என்றாள். தலை நரைத்த அந்த மனிதர் துணி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, பாலத்தின்மேல் பைய நடந்து வந்தார். நேராக எடுத்திருந்த அவள் வகிட்டைத் தொட்டுப் பார்க்க வலது கையைத் தூக்கினார்.

சொர்ணம் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள்.

"அடிக்க வரலம்மா... தொடத்தான் வந்தேன்."

அவள் கையை எடுக்கவில்லை. வளையல்கள் மட்டும் கிலுகிலுவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு சாகும்வரை காசிலிங்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அந்தப் பாலத்தில் நடந்தார். பெரிய மனுஷத் தோரணையைப் பார் என்று புதிதாக வந்த ஆட்கள் கேலி பண்ணுவார்கள். நான் பண்ணியதில்லை.