பிரசிடெண்ட் மகன் பேபி என்ற குரியாக்கோஸ்

மலையாள தேசத்துக் கல்லாறுமேட்டில் பிரசிடெண்ட் என்றால் ஏலிக்குட்டி அம்மச்சி ஒருவர்தான். பஞ்சாயத்துத் தலைவராகப் பத்து வருஷம் இருந்து, பதவி போய் இன்னொரு பத்து வருஷம் ஆகியும் அந்தப் பட்டம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அவருடைய ஒரே மகன், ஊருக்குப் பிரசிடெண்ட் மகன். வீட்டில் பேபி. தாத்தா பேரை ஞானஸ்நானத்தில் வைத்ததால் ஏட்டில் குரியாக்கோஸ். அந்தப் பேர் இருப்பது அவனுக்கும் பாதிரியாருக்கும் மட்டும்தான் ஞாபகம்.

தாயின் நிழலில் நிற்கப் பிடிக்காமல் பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு ஓடினான். அங்கேயாவது விட்டதா? சேர்ந்த அன்றே வடக்கத்தி ஹவில்தார் ஒருவர் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க, இவன் அரைகுறை இந்தியில் "அம்மா பிரசிடெண்ட்" என்றிருக்கிறான்.

"அடேயப்பா, ஜனாதிபதி வீட்டுப் புள்ளையா! வாங்க ராஜா, மொதல்ல கக்கூஸக் கழுவுங்க!"

ஆனால் காலையில் ஆஜர் எடுக்கும்போது மட்டும் "குரியாக்கோஸ்!" என்று முழங்குவார்கள். பனிமலையில் பதினேழு வருஷம் அந்தப் பேருக்கு நெஞ்சை நிமிர்த்தி நின்றவன், தானும் ஹவில்தாராகி ஊர் திரும்பினான். வந்த கையோடு பஞ்சாயத்துத் தேர்தலில் ஏழாம் வார்டுக்கு நின்றான்.

கம்பத்திலிருந்து போய் முப்பது வருஷமாக அங்கே தையல் கடை வைத்திருக்கும் நான்தான் அவனுக்குப் பூத் ஏஜெண்ட்.

"பேபிங்கிற பேரையும் சேத்து எழுதிக் குடு பேபிச்சா" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. ஜெயிச்சா குரியாக்கோஸா ஜெயிக்கிறேன். அம்மச்சி தயவுல கெடைக்கிற மெம்பர் பதவி எனக்கெதுக்கு?"

எதிர்த்து நின்ற சசாங்கன் லேசுப்பட்ட ஆளில்லை. மனுப் போடும் கடைசி நாளில், பக்கத்து வார்டு வாழைக்குலை வியாபாரி ஒருவனைப் பிடித்துவந்து நிறுத்தினான். அவன் பேரும் பேபி! ஓட்டைத் தின்பதற்கென்றே நிறுத்தும் இப்படிப்பட்ட பேர்க்காரனுக்கு அங்கே அபரன் என்று பேர். நம்மவனுக்குக் குடைச் சின்னம், அபரனுக்கு மேசை விளக்கு. கண் மங்கியவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பேபி அசரவில்லை. பட்டாள நடையில் வீடு வீடாக ஏறினான்.

"சேச்சி, என் பேர் என்ன?"

"பிரசிடெண்ட் மகன்."

"அது சரி, பேரு?"

"பேபி. இதென்னடா கேள்வி, வெயில்ல சுத்தாத!"

"இல்ல சேச்சி, குரியாக்கோஸ்! எங்க, சத்தமாச் சொல்லுங்க!"

இரண்டே வாரம். ஏலத்தோட்டத்துப் பெண்கள் அவன் தலையைக் கண்டாலே "குரியாக்கோஸ்!" என்று கூவுவார்கள். இவன் நடுரோட்டில் விறைத்து நின்று சல்யூட் அடிப்பான். தோட்டமே சிரிக்கும்.

ஓட்டை எண்ணி முடித்தார்கள். சசாங்கனை விட ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கிக் குரியாக்கோஸ் ஜெயித்திருந்தான். அபரன் பேபிக்கு விழுந்ததும் ஒரே ஓட்டு. அவனுக்கோ அந்த வார்டில் ஓட்டே கிடையாது.

அம்மச்சி வீட்டில் கப்பைக் கிழங்கும் மீன் கறியும் தயாராக இருந்தன. பேபிக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா அண்ணாச்சி? வார்டு முழுக்க என் பேரப் படிச்சிருச்சு. ஒரே ஒரு கழுதைதான் மாத்தி அமுக்கியிருக்கு. அது யாருன்னு மட்டும் தெரிஞ்சா..."

பரிமாறிக்கொண்டிருந்த அம்மச்சி கரண்டியோடு நிமிர்ந்தார்.

"நான்தான்டா அந்தக் கழுதை. மிஷின் முன்னாடி நின்னு என் புள்ள பேரத் தேடினேன். பேபின்னு இருந்துச்சு, அமுக்கிட்டேன். குரியாக்கோஸ் என் மாமனாருடா! என்னைப் படுத்தின பாட்டுக்கு அந்த மனுசனுக்கு நான் ஓட்டு வேற போடணுமா?"

எனக்குப் புரையேறிவிட்டது. பேபி வாயைப் பிளந்து நின்றான். பிறகு மெல்ல அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

"அப்போ... பிரசிடெண்ட் ஓட்டு இல்லாமயே ஜெயிச்சிருக்கேன்!" என்று துள்ளினான்.

"பேபீ, மீன் ஆறுது. உக்காந்து தின்னு" என்றார் பிரசிடெண்ட்.

ஏழாம் வார்டு மெம்பர் உட்கார்ந்தார்.